பழைய ஹைப்போ

ஸ்மைல்காரர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அந்தப் பெயர் அவருக்கு வந்ததே அதனால்தான். ஸ்டூடியோவுக்கு வருகிறவரை ஸ்டூலில் உட்காரவைத்து, மோவாயை இரண்டு விரலால் பிடித்து இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, ஏதோ அவர் வீட்டுச் சுவரை ஏறிக் குதித்த ஆளைப் பார்ப்பதுபோல முறைத்துக்கொண்டே "ஸ்மைல்" என்பார். வந்தவர் பயத்தில் பல்லைக் காட்டுவார். பாஸ்போர்ட் படத்துக்குச் சிரிக்கக் கூடாது என்று வந்த பிறகும் பழக்கதோஷத்தில் "ஸ்மைல்" என்று சொல்லிவிட்டு, அடுத்த நொடியே "சிரிக்காதீங்க" என்று அதட்டுவார். இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட முகங்கள் அந்த ஊரில் ஏராளம்.

ஆனால் தொழிலில் ஒரு சொட்டுக் குறை சொல்ல முடியாது. கோணல் மூக்கை நேராக்கிக் காட்டுவார். இரட்டைத் தாடையை ஒற்றைத் தாடையாக்குவார். அதற்குத் தக்க திமிரும் இருந்தது. கேமரா அவருடையது, வேறு யாரும் தொடக் கூடாது. கல்யாணமான புதிதில் அவர் மனைவி, பாவம், தூசியாக இருக்கிறதே என்று ஒரு லென்ஸைத் துடைக்க எடுத்துக் கீழே போட்டுவிட்டாள். அன்றைக்கு அவர் போட்ட கூச்சலில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

"இனிமே கேமரா பக்கம் வந்தே, அவ்வளவுதான்" என்றார்.

"சரிங்க" என்றாள் அவள்.

அந்த ஒரு 'சரிங்க'வை அவள் அதற்குப் பிறகு ஒரு தடவைகூட மீறவில்லை. பாஸ்போர்ட் படங்களை வெட்டிக் கவரில் போட்டாள், ஆல்பம் ஒட்டினாள். ஃபிலிம் காலத்தில் இருட்டறைத் தொட்டிகளைத் தேய்த்துக் கழுவினாள். மருந்து கலப்பது அவர், கழுவுவது இவள் என்று பாகம் பிரிந்திருந்தது. கேமராவைத் தொட்டதே இல்லை. கடைசியில் அதுவே அவருக்கு வம்பாகப் போயிற்று.

எப்படி என்று கேளுங்கள். ஃபிலிம் போய் கம்ப்யூட்டர் வந்த பிறகு இருட்டறை சும்மா கிடந்தது. ஒரு நாள் அலமாரியைத் திறந்தவர், காலாவதியான போட்டோ பேப்பர் டப்பாக்கள் அடுக்கி இருப்பதைப் பார்த்து, "இதையெல்லாம் தூக்கிக் குப்பையில போடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவள் டப்பாக்களைக் கொல்லைப்புறத்துக்குக் கொண்டுபோனாள். ஒன்றின் மூடி கழன்று, நாலைந்து வெள்ளைத் தாள் வெயிலில் விழுந்தது. ஒரு தாள், முந்தின வாரம் அவள் வீசியெறிந்த உடைந்த சல்லடைக்கு அடியில் போய்ச் செருகிக்கொண்டது. துணி உலர்த்திவிட்டு வந்து சல்லடையை எடுத்தால், தாள் முழுக்கக் கத்தரிக்காய் நிறம் ஏறி, நடுவில் சல்லடையின் கண் ஒவ்வொன்றும் ஒழுங்காக விழுந்து கிடந்தது.

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து, தீய்ந்து, வாசனை தெருவுக்குப் போன பிறகுதான் எழுந்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு பைத்தியம் பிடித்துக்கொண்டது. காலையில் பால் வாங்கப் போனால் பாலோடு வேறு ஏதாவதும் வரும். கிழிந்த கொசுவலை, துருப்பிடித்த தாழ்ப்பாள், மாத்திரை தீர்ந்த அட்டை, சைக்கிள் செயின், பல் போன சீப்பு, காக்கை இறகு, யாரோ மிதித்து நசுக்கிய கண்ணாடிச் சட்டம். எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, தாளில் அடுக்கி, காற்றுக்குப் பறக்காமல் மேலே ஒரு கண்ணாடியை வைத்து வெயிலில் போடுவாள். வெங்காயத் தோலை வைத்தால் ஒரு நிறம், ஈர இலையை வைத்தால் வேறு நிறம். பொருள் இருந்த இடம் மட்டும் வெளுத்து நிற்கும், மற்ற இடமெல்லாம் வெயில் குடித்துச் சிவந்து, பழுத்துப் போகும். முடிந்ததும் தாளைக் கறுப்பு உறைக்குள் போட்டுவிடுவாள். வெளிச்சத்தில் விட்டால் வெளுத்த இடமும் கறுத்துவிடும் என்பது இருட்டறைத் தொட்டி கழுவியவளுக்குத் தெரியாதா.

"என்ன இது, குப்பையைத் தூக்கி வெயில்ல வெச்சுட்டு" என்றார் ஸ்மைல்காரர்.

"கேமராவைத் தொடலையே நான்" என்றாள்.

சின்னப் பிள்ளை விளையாட்டு, நாலு நாளில் சலித்துவிடும் என்று விட்டுவிட்டார். அவருக்கு அவருடைய ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் கெடாமல் இருந்தால் போதும். மதியம் சாப்பிட்டதும் மொட்டைமாடிக் கொட்டகையில் சாய்வு நாற்காலியைப் போட்டு, அதன் கைகள்மேல் குறுக்கே ஒரு பலகையை வைத்து, பலகையில் செய்தித்தாளை விரித்து, முதல் பத்தியைத் தாண்டுமுன் குறட்டை விடுவது அவர் வழக்கம். ஒரு ஞாயிறு நிழல் நகர்ந்துபோய், வலது கை சுரீரென்று சுட்டு விழித்துக்கொண்டார். பக்கத்தில் மனைவி, துணி மூடிய தட்டோடு நின்றிருந்தாள்.

"கை இப்படிக் கொதிக்குதே, எழுப்பக் கூடாதா?"

"கையை வெயில்ல போட்டுட்டுத் தூங்கினா சுடாம என்ன செய்யும்" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள். அவர் கொஞ்ச நேரம் புலம்பிவிட்டு மறந்துபோனார்.

பிறகுதான் ஓவிய வாத்தியார் வந்தார்.

பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர். ஒல்லியான ஆள், தோளில் ஒரு துணிப்பை, எதற்கும் இடது கை. அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தவர், ஸ்மைல்காரர் விளக்குகளைச் சரிசெய்யும் நேரத்தில் உள்ளே எட்டிப் பார்த்தார். அங்கே அரையிருட்டில் மனைவி தன் தாள்களை உறையிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாத்தியார் படத்தையும் மறந்தார், ஸ்டூலையும் மறந்தார். இடது கையால் கொசுவலைத் தாளை வாங்கி, மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"இதை யார் செஞ்சது மேடம்?"

மேடம். ஸ்மைல்காரர் காதில் அந்தச் சொல் சூடாக விழுந்தது. அவளை அவர் 'இந்தா' என்பார், அவள் தம்பி 'அக்கா' என்பான், தெருவில் 'ஸ்டூடியோ வீட்டம்மா' என்பார்கள். மேடமாம்.

"நான்தான். சும்மா, பொழுதுபோக்கு" என்றாள் அவள், முந்தானையில் கையைத் துடைத்தபடி.

"கேமரா இல்லாமயா?"

"அதைத்தான் தொடக் கூடாதே."

வாத்தியார் சிரித்தார். அவளும் சிரித்தாள். ஸ்மைல்காரர் ஸ்டூலைத் தரையில் கரகரவென்று இழுத்துப் போட்டார். "படம் எடுக்கணுமா வேண்டாமா?" என்று ஸ்டூடியோவிலிருந்து குரல் கொடுத்தார். அன்றைக்கு வாத்தியாரின் அடையாள அட்டைப் படத்தில் ஒரு காது பெரிதாக விழுந்தது. அது தற்செயல் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

அதற்கப்புறம் வாத்தியார் வாரம் ஒரு முறையாவது வந்தார். ஒரு நாள் துருப்பிடித்த கதவுக் கீல் கொண்டுவந்தார், இன்னொரு நாள் பாம்புச் சட்டை. பாம்புச் சட்டையைக் கண்டதும் அவள் முகத்தைப் பார்க்கணுமே, நகைக்கடைக்குள் போனவள் மாதிரி. கணவர் வாங்கித் தந்த நகைக்கெல்லாம் அந்த முகம் வந்ததில்லை. ஸ்மைல்காரர் இதைக் கவனித்தார். கவனிப்பதுதானே அவர் தொழில்.

வாத்தியார் சும்மா இருந்தாரா என்றால் இல்லை. நூலகக்காரரிடம் பேசி, மாடிக் கூடத்தில் இரண்டு வாரம் கண்காட்சி வைக்க ஏற்பாடு செய்துவிட்டார். அந்தச் செய்தியை அவள் சொன்னபோது ஸ்மைல்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

காரணம் இருக்கிறது. பல வருஷத்துக்கு முன் அவர் தாமாக எடுத்த படங்கள் சிலவற்றைச் சட்டம் போட்டுத் தூக்கிக்கொண்டு அதே நூலகத்துக்குப் போனார். மழையில் குடை திரும்பிப்போன ஆள், ரயில் ஜன்னலில் தூங்குகிற பெண், காலி நாற்காலிகள். அப்போதிருந்த நூலகக்காரர் நாலு படத்தைப் புரட்டிவிட்டு, "கல்யாண ஆல்பமெல்லாம் இங்க மாட்ட முடியாதுங்க" என்றார். கல்யாண ஆல்பமாம். அந்தப் படங்கள் இன்றைக்கும் பரண்மேல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடக்கின்றன. அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட. உடைந்த சல்லடைக்குக் கிடைத்த சுவர் அவருக்குக் கிடைக்கவில்லை. சொல்லுங்கள், எந்த மனுஷனுக்குத்தான் பொறுக்கும்.

"நல்லது" என்று சொல்லி மிச்சச் சோற்றில் தண்ணீரை ஊற்றினார்.

"ஒரு உதவி வேணுங்க. இதெல்லாம் இப்படியே மாட்டினா வெளிச்சத்துல ரெண்டு நாள் தாங்காது. கொஞ்சம் ஹைப்போ கலந்து குடுங்க, ஒரு தடவை முக்கி எடுத்துட்டா நிக்கும்."

ஹைப்போவைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. போட்டோத் தாளை வெயிலில் வைத்தால் படம் விழும், சரி. ஆனால் தாளில் மிச்சமிருக்கும் மருந்து வெளிச்சம் பட்டால் மேலும் மேலும் கறுத்துக்கொண்டே போகும். அந்த மிச்சத்தைக் கரைத்து எடுத்துவிடுவதுதான் ஹைப்போத் தண்ணீர். முக்கினால் படம் நிரந்தரம், முக்காவிட்டால் எல்லாம் ஒரே கறுப்பு. நல்ல ஹைப்போவாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். பல படங்களை முக்கி எடுத்துச் சக்கையான ஹைப்போவில் போட்டால் அப்போதைக்கு நின்றதுபோல் இருக்கும், பிறகு மெல்ல மெல்லக் கறுக்கும்.

"கலந்து தரேன்" என்றார்.

கொடுத்துவிடத்தான் நினைத்தார். அது உண்மை. புது ஹைப்போப் பொட்டலம் ஒன்று பிரிக்காமலே அலமாரியில் இருந்தது, அதைக் கையிலும் எடுத்துவிட்டார். ஆனால் மேசையில் அவளுடைய கறுப்பு உறைகள் கிடந்தன. அவள் குளித்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு தடவை பார்ப்போம் என்று, இருட்டறையின் சிவப்பு விளக்கைப் போட்டு ஒவ்வொன்றாக உருவினார்.

கொசுவலை ஆற்றுத் தண்ணீர்போல நெளிந்து கிடந்தது. மாத்திரை அட்டையின் ஒவ்வொரு குழியிலும் ஒரு சின்னச் சந்திரன். பாம்புச் சட்டை, ஐயோ, அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். நன்றாக இருந்தது. அதுதான் கொடுமை. நன்றாக இல்லாமல் இருந்தால் அவர் எவ்வளவு நல்ல மனுஷனாக இருந்திருப்பார்.

கடைசி உறையில் ஒரு கை இருந்தது.

கவிழ்ந்த கை. கட்டைவிரல் இடது பக்கம். விரல்கள் லேசாக விரிந்து, சுண்டுவிரல் மட்டும் உள்ளே மடங்கி. நகத்தோரம் கொஞ்சம் கலங்கியிருந்தது, வைத்த கை மூச்சுக்கு மூச்சு சிறிது அசைந்திருக்கிறது. அத்தனை தாளிலும் இதைத்தான் அவள் பட்டுத்துணி சுற்றி வைத்திருந்தாள்.

யார் கை இது?

இங்கேதான் ஸ்மைல்காரரின் தொழிலே அவரைக் கவிழ்த்துவிட்டது. நெகட்டிவைக் கையில் பிடித்து, மருந்துப் பக்கமாகப் பார்த்தால் எல்லாம் இடம் வலம் மாறித்தான் தெரியும். ஒரு தடவை அதைத் திருப்பாமல் அச்சடித்து, ஒரு மாப்பிள்ளையின் வலது கன்னத்து மச்சத்தை இடது கன்னத்துக்கு மாற்றி, இரண்டு வீட்டுக்காரர்களிடமும் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது ஊரறிந்த கதை. அன்றிலிருந்து இருட்டறைக்குள் எந்தப் படத்தைப் பார்த்தாலும் மனசு தானாகத் திருப்பிப் போட்டுவிடும். இதையும் திருப்பிப் போட்டது. கவிழ்ந்த கை, கட்டைவிரல் இடப்பக்கம், பார்த்தால் வலது கை. திருப்பினால் இடது கை.

இடது கை. துணிப்பைக்காரரின் இடது கை. அது அசையாமல் வெயிலில் கிடக்க வேண்டுமென்றால் எவ்வளவு நேரம் அவர் பக்கத்தில் இவள் உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கே? எப்போது? தாம் ஸ்டூடியோவில் யாரோ ஒருவரின் மோவாயைத் திருப்பிக்கொண்டிருந்தபோதா?

ஸ்மைல்காரர் தாளை உறையில் போட்டார். புதுப் பொட்டலத்தைப் பரண்மேல் தம் பழைய படங்களுக்குப் பின்னால் செருகினார். இருட்டறை மூலையில் ஒரு பிளாஸ்டிக் கேன் இருந்தது. பழைய காலத்தில் சக்கையான ஹைப்போவை அதில் ஊற்றி வைப்பார்கள், அதிலிருந்து வெள்ளி பிரித்தெடுக்கிற ஒருவர் வந்து வாங்கிப் போவார். அந்த ஆள் வருவதை நிறுத்தி வருஷக்கணக்காகிவிட்டது, கேன் அப்படியே இருந்தது. அடியில் கறுப்பு வண்டல் கலங்காமல், மேலாகத் தெளிந்த தண்ணீரைத் தொட்டியில் வடித்தார்.

"கலந்து வெச்சிருக்கேன்" என்றார், அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது.

"ரொம்ப நன்றிங்க" என்றாள். அவள் அப்படியெல்லாம் நன்றி சொல்கிறவள் இல்லை. அதுவும் அவருக்கு உறுத்தியது.

சட்டம் போட்டது அவள் தம்பி. பக்கத்துத் தெருவில் ஃப்ரேம் கடை வைத்திருப்பவன், வாய் நிற்காது. அத்தனையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போது, "மாமா, அக்கா உங்களைத் தூக்கிச் சாப்பிட்டுடுச்சு. அதுலயும் அந்தக் கை இருக்கு பாருங்க" என்று சொல்லி, ஒரு கண்ணை வேறு சிமிட்டினான். குடும்பத்தோடு சேர்ந்துகொண்டு கூத்தடிக்கிறார்கள் என்று ஸ்மைல்காரர் பல்லைக் கடித்தார்.

திறப்பு நாளன்று கூடம் நிரம்பி வழிந்தது. ஊரில் இத்தனை பேருக்கு இத்தனை ரசனை இருந்ததா என்று அவருக்கே ஆச்சரியம். கை, ஜன்னலுக்குப் பக்கத்தில், நல்ல இடத்தில் மாட்டியிருந்தது. கீழே ஒட்டிய சீட்டில் 'கை' என்று மட்டும் இருந்தது. அவர் அதன்முன் போய் நின்றார். மனைவி மெதுவாகப் பக்கத்தில் வந்தாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா விழுந்திருக்கு."

அவள் முகம் சிவந்துபோயிற்று. கல்யாணமான புதிதில் பார்த்த சிவப்பு. எவ்வளவு நெஞ்சழுத்தம் என்று நினைத்தார். அந்த நேரம் பார்த்து வாத்தியாரும் வந்து சேர்ந்து, "சார், இந்தக் கை இல்லேன்னா இந்தக் கண்காட்சியே இல்ல சார்" என்றார். என் கை இல்லாவிட்டால் நடந்திருக்குமா என்று முகத்துக்கு நேராகவே கேட்கிறான் என்று ஸ்மைல்காரருக்குப் பட்டது. "இருங்க, இன்னும் ரெண்டு வாரம் இருக்குல்ல" என்றார். வாத்தியாருக்கு அது என்ன என்று புரியவில்லை.

மறுநாள் காலையில் ஸ்டூடியோவைத் திறக்குமுன் நூலகத்துக்குப் போனார். அதற்கு மறுநாளும் போனார். பிறகு தினமும். அவள் வாசலருகே மேசை போட்டு உட்கார்ந்து வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பாள். அவரைக் கண்டதும் முகம் மலரும். அவர் யாரையும் பார்க்காமல் நேராகக் கைக்கு முன்னால் போய் நிற்பார்.

கை கறுக்க ஆரம்பித்திருந்தது. முதலில் விரல் நுனிகள். பிறகு விரல் இடுக்குகள் மங்கி, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. முதல் வாரம் முடியும்போது புறங்கை தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. ஸ்மைல்காரருக்கு உள்ளே குளிர்ந்தது. அப்படியே போ, போ என்று மனசுக்குள் வழியனுப்பினார். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த மனுஷன் அந்த வாரம் இரண்டு சுற்று கூடுதலாகச் சாப்பிட்டார்.

ஒன்றுதான் புரியவில்லை. மற்றவை எதுவும் அசையவில்லை. கொசுவலை முதல் நாள் இருந்த மாதிரியே இருந்தது. பாம்புச் சட்டையில் ஒரு செதில்கூட மங்கவில்லை. ஒரே தொட்டி, ஒரே தண்ணீர், இது எப்படி? கை ஜன்னலுக்குப் பக்கத்தில் இருப்பதால் சீக்கிரம் போகிறது, மற்றவற்றுக்கும் நேரம் வரும் என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். வராவிட்டாலும் பரவாயில்லை. போக வேண்டியது போகிறது.

கண்காட்சி முடிய இரண்டு நாள் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கூடத்தில் ஈ, காக்கை இல்லை. அவளும் அவரும்தான். சட்டத்துக்குள் இப்போது பழுப்பு இருட்டு மட்டும் இருந்தது. உற்றுப் பார்த்தால், மடங்கிய சுண்டுவிரலின் ஓரம் மட்டும் ஒரு கோடாகத் தெரிந்தது. ஜெயித்தாயிற்று. ஜெயித்த பிறகு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை.

"வாத்தியார் கை காணாமலே போச்சு போலிருக்கே" என்றார்.

அவள் மேசையிலிருந்து நிமிர்ந்தாள். "எந்த வாத்தியார்?"

"எந்த வாத்தியாரா. இடது கையாலயே எல்லாம் செய்வாரே, அந்த வாத்தியார். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? கட்டைவிரல் இந்தப் பக்கம் இருந்துச்சு. திருப்பிப் பாத்தா இடது கை. இத்தனை வருஷம் இருட்டறையில கிடந்தவன், இதுகூடவா தெரியாது?"

அவள் எழுந்து வந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள், சட்டத்தைப் பார்த்தாள். அவள் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"எதுக்குங்க திருப்பணும்?"

"என்ன?"

"நடுவுல நெகட்டிவ் ஏது? லென்ஸ் ஏது? வெச்சது வெச்ச மாதிரியேதானே விழும்."

அவள் அவருடைய வலது மணிக்கட்டைப் பிடித்து, கையைக் கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்தாள். கட்டைவிரல் இடது பக்கம் போயிற்று. சுண்டுவிரல், அது எப்போதும் போகிறபடி, கேமராவின் அடியைத் தாங்கித் தாங்கிப் பழகிப்போனபடி, தானாக உள்ளே மடங்கியது. உள்ளேயிருந்த அந்த மெல்லிய கோட்டின்மேல் சரியாகப் போய் உட்கார்ந்தது.

"மாடியில தூங்கினீங்களே, கை சுடுதுன்னு கத்தினீங்களே, அன்னிக்கு வெச்சது. தாளைப் பலகையில விரிச்சு, கையை மெதுவா எடுத்து மேல வெச்சேன். நிழல் வராம நாற்காலியை வேற நகர்த்தினேன். உங்க கை சும்மா இருந்து நான் பாக்கிறது தூங்கும்போதுதான். இல்லேன்னா கேமராவைப் பிடிச்சுக்கிட்டிருக்கும், இல்லே யாரையாவது முறைச்சு நீட்டிக்கிட்டிருக்கும்."

ஸ்மைல்காரர் கையை எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை.

"அப்ப இது மட்டும் ஏன்..."

"முதல்ல இதைத்தான் முக்கினேன். எனக்குப் பிடிச்ச படம் இதுதானே. நீங்க குடுத்த தண்ணியில. கேன் தண்ணி வாசனை எனக்குத் தெரியாதுங்களா? எத்தனை தடவை அதைத் தூக்கி ஊத்தியிருப்பேன். இதை எடுத்துக் காய வெச்சப்பவே தெரிஞ்சுபோச்சு. அலமாரியில காணாத பொட்டலத்தைத் தேடிப் பரண்மேல இருந்து எடுத்து நானே கலந்து மத்ததையெல்லாம் அதுல போட்டேன்."

பரண்மேல் என்றபோது அவர் அவளைப் பார்த்தார். பொட்டலத்துக்கு முன்னால் இருந்ததை அவள் பார்க்காமலா இருந்திருப்பாள்.

"குடை திரும்பிப்போன ஆளையும் பாத்தேன்" என்றாள். "எனக்கு ஒரு நாளும் காட்டலையே நீங்க."

மழை ஜன்னலில் அடித்தது. அவர் கண்ணாடிமேலிருந்து கையை எடுத்தார்.

"இதையும் புதுசுல போட்டிருக்கலாம்ல."

"போட்டிருக்கலாம்." அவள் முந்தானையால் கண்ணாடியில் அவர் விரல் பட்ட இடத்தைத் துடைத்தாள். "நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு பாத்தேன். என்ன கோபத்துல செஞ்சீங்களோ, தன் கை அழியறதைப் பாத்தா மனசு கேக்காதுன்னு நினைச்சேன். தினமும் வேற வந்து நின்னீங்களா, இன்னிக்குச் சொல்லிடுவாரு, இன்னிக்குச் சொல்லிடுவாருன்னே இருந்தேன். சொன்னா அன்னிக்கே கழட்டிக்கொண்டுபோய்ப் போட்டிருப்பேன். ஏதோ மிஞ்சியிருக்கும்."

அவர் சட்டத்தைக் கொக்கியிலிருந்து தூக்கினார். ஓடிப்போய் இப்போதே முக்கினால் என்ன என்று ஒரு வேகம். அப்புறம் தாமே மெல்லத் திரும்ப மாட்டினார். கறுத்தது கறுத்ததுதான், எந்த ஹைப்போவும் அதை வெளுக்க வைக்காது. ஊரிலேயே அவருக்குத்தான் அது நன்றாகத் தெரியும்.

அந்த நேரத்தில் குடையை உதறிக்கொண்டு ஓர் அம்மாள் படியேறி வந்தார். மழைக்கு ஒதுங்கியவராக இருக்கும். ஒவ்வொரு படமாக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பொறுமையாகப் பார்த்தார். பாம்புச் சட்டைக்கு முன்னால் 'அடேயப்பா' என்றார். கடைசியில் ஜன்னலருகே வந்து நின்றார்.

"இது என்னம்மா, ஒண்ணுமே தெரியலையே?"

"எங்க வீட்டுக்காரர்" என்றாள் அவள்.

அந்த அம்மாள் இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற ஸ்மைல்காரரைப் பார்த்தார். "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். ஸ்மைல்காரர் வலது கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு வெயில் நன்றாக அடித்தது. சாப்பிட்டதும் அவரே அலமாரியைத் திறந்து, டப்பாவிலிருந்து ஒரு தாளைக் கறுப்பு உறையில் போட்டு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். நாற்காலியைக் கொட்டகையைவிட்டு வெளியே இழுத்துப் போட்டார். பலகையில் தாளை விரித்து, அதன்மேல் கையைக் கவிழ்த்து, கண்ணை மூடிக்கொண்டார். செய்தித்தாளின் முதல் பத்திக்குள் வந்துவிடுகிற தூக்கம் அன்றைக்கு வரவில்லை.

கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் பக்கத்தில் வந்து நிற்பது காலடியில் தெரிந்தது.

"தூங்கலை நீங்க."

"தூங்கறேன்."

"கை விறைச்சுக்கிட்டு இருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு காலி வாளியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

கை சுட ஆரம்பித்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை, கையையும் எடுக்கவில்லை.